தொண்டி அண்ணனுக்கு: கன்றுக்குக் கண் தெரியாமல் போனது பற்றி

அண்ணே, ஐந்து மாதக் காளைக்கன்று திடீரென்று கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறது என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். நீங்கள் போன வாரம் அரிசியும் தவிடும் கூட்டியதாகச் சொல்வதால் எனக்கு முதலில் தோன்றுவது தயமின் (பி1) குறைபாடு. தீவனம் சட்டென மாறும்போது இரைப்பையில் தயமினை அழிக்கும் கிருமிகள் பெருகலாம், அதனால் மூளை வீங்கும். டாக்டர் வழக்கமாக எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் பி1 ஊசி போடுவார். சீக்கிரம் போட்டால் ஓரிரு நாளிலேயே தெளிவு தெரியும். தாமதித்தால் பார்வை திரும்பாமலே போகலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஈய நஞ்சும் இதே மாதிரிதான் காட்டும். கட்டுத்தறிப் பக்கம் பழைய பேட்டரியோ, படகில் சுரண்டிய பெயிண்டோ கிடந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் பக்கம் போர் தண்ணீர் கரிக்கும். அதையே குடித்துவந்த கன்றுக்கு நல்ல தண்ணீரை ஒரேயடியாகக் காட்டினால் மூளை வீக்கம் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

எச்சில் ஒழுகுகிறதே, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாயில் கை விடாதீர்கள். வெறிநோயாகவும் இருக்கலாம். பிள்ளைகளையும் கிட்டே விடாதீர்கள். எண்ணெய், கஷாயம் எதையும் புகட்ட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

ஊசி போட்டதும் நிலவரம் எழுதுங்கள் அண்ணே.