ஏரிக்காட்சிக் காணிக்கு நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 2,80,000 ரூபா கைக்கு வருகிறது. வாடகை 65,000. பிள்ளைகள் இருவர். கடுவெலப் பக்கம் ஒரு புதிய வீட்டுத் திட்டத்தில் 8 பேர்ச் பார்த்திருக்கிறோம். பேர்ச் 9 லட்சம். பாதியைக் கட்டினால் மீதியை ‘வட்டியில்லாமல்’ 24 மாதத்தில் கட்டலாம். முழுக்காசு கொடுத்தால் பேர்ச் 8 லட்சத்து 20 ஆயிரம். காட்டித்தந்தவர் மனைவியின் சித்தப்பா. அவர் அவசரப்படுத்தியதால் வளையலை அடைவு வைத்து 2 லட்சம் முற்பணம் கொடுத்துவிட்டோம். சேமிப்பு 22 லட்சம். இன்னும் தேவையான 12 லட்சத்துக்கு மற்ற நகைகளையும் வைக்கச் சொல்கிறார். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அந்தப் பக்கம் தண்ணீர் நின்றதாம். “மூன்று அடி மண் போட்டால் சரி, கியூப் பத்தாயிரம்தான்” என்கிறார். மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: சொந்த வீடா, வாடகையா என்ற பாடம் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் வெள்ளத்தைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. காசை முதலில் கொடுக்கிறீர்கள், கேள்வியைப் பிறகு கேட்கிறீர்கள். சித்தப்பா “கைநழுவிப் போகும்” என்றதும் வளையல் அடைவுக்குப் போய்விட்டது. அந்த 2 லட்சத்தைக் காப்பாற்ற இப்போது 34 லட்சத்தை அதன் பின்னால் அனுப்பப் பார்க்கிறீர்கள்.

‘வட்டியில்லாத’ தவணையை முதலில் பார்ப்போம். முழுக்காசு விலை 65 லட்சத்து 60 ஆயிரம், தவணை விலை 72 லட்சம். வித்தியாசம் 6 லட்சத்து 40 ஆயிரம். பாதியைக் கட்டிய பிறகு உண்மையில் நீங்கள் கடன்படுவது ஏறக்குறைய 30 லட்சம். அது மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், ஆகவே இரண்டு வருடமும் சராசரியாக 15 லட்சம் கடன் என்று வையுங்கள். அதற்கு வருடம் 3 லட்சத்து 20 ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். நூற்றுக்கு 21 வீதம்! பெயர்தான் வட்டியில்லாக் கடன்.

மாதக் கணக்கு இன்னும் மோசம். தவணை 1,50,000, வாடகை 65,000. 14 லட்ச அடைவுக்கு நூற்றுக்கு 15 என்று பிடித்தாலும் மாதம் 17,500 வட்டி. மிஞ்சுவது 47,500. அதில் நான்கு பேர் சாப்பிட்டு, பள்ளிக்கூடச் செலவு பார்த்து, பஸ்ஸுக்கும் கொடுக்க வேண்டும். மண் போட எங்கே காசு?

அந்த மண் கணக்கையும் போட்டுவிடுவோம். 8 பேர்ச் என்பது 2,178 சதுர அடி. மூன்று அடி உயர்த்த 65 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). இறுக்கினால் மண் அமிழும், 80 கியூபாவது வேண்டும். 8 லட்சம். மண் சரியாமல் கட்ட வேண்டிய சுவர் தனி. இவ்வளவும் செய்த பிறகு, அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர், பத்தாயிரம் லீற்றர் பவுசரில் பதினெட்டு, அயல் காணிக்குப் போகும். அயலவரும் மண் போடுவார். கடைசியில் எல்லா வீடும் மேட்டில், பாதை மட்டும் வாய்க்கால். ஒவ்வொருவரும் தனித்தனியாக மண் போட்டுத் தீரும் விஷயமல்ல இது. காணியைத் துண்டு போடும்போதே பாதையின் மட்டம், கான், தண்ணீரைத் தேக்கும் குளம் எல்லாம் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளில் 2018இல் கொழும்புக்குக் கிடைத்த ராம்சர் (ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகர அங்கீகாரத்தைப் பெருமையாகப் போட்டு, ‘ஏரிக்காட்சி’த் துண்டுகளுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். நல்ல வேடிக்கை. ஏரி தெரியும் துண்டுதான் திட்டத்திலேயே தாழ்ந்த துண்டு, தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான். மழைநீரைப் பிடித்துவைப்பதுதான் ஈரநிலத்தின் வேலை. 2010 நவம்பரில் கோட்டேயில் ஏரி நடுவே உள்ள நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

பழைய காணி உறுதியின் (பத்திரத்தின்) அட்டவணையில் காணியின் பெயரைப் பாருங்கள். ‘வத்த’ என்று முடிந்தால் தோட்டம். ‘கும்புற’ என்றால் வயல், ‘தெனிய’ என்றால் சேற்றுத் தாழ்நிலம். விளம்பரத் தாளில் ‘கார்டன்ஸ்’ என்று மாற்றிவிடலாம், உறுதியில் மாற்ற ஏலாது. வயலாக இருந்தால் நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தாழ்நிலமென்றால் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி. அந்தக் கடிதங்களின் நிபந்தனைகளை வாசியுங்கள். தேக்கக் குளத்துக்கு ஒதுக்கிய இடத்துக்கே துண்டு இலக்கம் போட்டு விற்கிறார்களா என்று நில அளவைப் படத்தில் தேடுங்கள். உங்கள் நொத்தாரிசிடம் கொடுங்கள், கம்பனியின் நொத்தாரிசிடம் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்தும் பாருங்கள். மதகுக்குள் எட்டிப் பாருங்கள். ஓட்டோக்காரரிடமும் மூலைக் கடையிலும் 2016 மே மாத வெள்ளத்தையும் டித்வாவையும் பற்றிக் கேளுங்கள். வெல்லம்பிட்டியப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிளக் பொயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடிதங்கள் சரியாக இருந்து, ஆசையும் விடாவிட்டால், பாதையோரம் உள்ள மேட்டுத் துண்டில் 6 பேர்ச் கேளுங்கள், அதுவும் முழுக்காசு விலைக்கு. வீட்டைத் தூண்களில் எழுப்பிக் கீழே வாகனம் விடலாம். தண்ணீருக்கு வழி இருக்கும், மண்ணுக்குக் கொடுக்கும் காசு கொங்கிறீட்டுக்குப் போகும். கையில் 22 லட்சம்தான் என்பதால் அதற்கு இன்னும் சில வருடம் ஆகும். ஆகட்டுமே.

சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். “கூட்டுத்தாபனக் கடிதத்தின் பிரதியை வாங்கித் தாருங்கள் சித்தப்பா, பிறகு பேசுவோம்” என்று மட்டும் சொல்லுங்கள். தரகுக் காசு அவருக்கும் உண்டென்றால் அவரே ஓடித் திரிவார். முற்பண ரசீதின் பின்பக்கத்தில் திருப்பித் தருவது பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று வாசித்துவிட்டு, எழுத்தில் கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம்.

மற்ற நகைகளைத் தொட வேண்டாம். சேமிப்பிலிருந்து 2 லட்சமும் வட்டியும் எடுத்து, இந்தக் கிழமையே வளையலை மீட்டுவிடுங்கள்.