மாதவிடாய் வலிக்குப் போடும் மாத்திரையால் ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் மிக அரிது. மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருப்பதால், இதைக் கேட்டுப் பயந்து வரும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன்.

2023 நவம்பர் இறுதியில் மருந்துகளின் தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் அரசு அமைப்பான இந்திய பார்மகோபியா ஆணையம், மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபனமிக் அமிலம் என்ற மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அதனால் 'டிரெஸ்' என்ற எதிர்வினை வரலாம்: காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், நெறிக்கட்டு, சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு. பெரும்பாலும் மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் தெரியும். மாத்திரையைத் தடை செய்யவில்லை, கவனிக்கத்தான் சொன்னார்கள்.

எனக்கு இதைவிடப் பயம், மருந்து ஒவ்வாமையால் தோலும் வாயும் புண்ணாகி உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்தான். ஆண்டுக்குப் 10 லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வரும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் போன்றவைதான் அதிகம் காரணமாகின்றன. வலி மாத்திரைகளில் பிராக்சிகாம், மெலாக்சிகாம் வகைகள். அபூர்வமாகப் பாரசிட்டமாலாலும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே எச்சரித்தது.

இந்த நோய் முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். தொண்டை வலிக்கும், கண் எரியும். பிறகு வாயெல்லாம் புண், சிவப்புத் திட்டு, கொப்புளம். கை பட்டாலே தோல் உரியும். நம் வீடுகளில் வாய்ப்புண்ணை உடம்புச் சூடு என்பார்கள், கொப்புளத்தைப் பார்த்தால் அம்மை என்று வேப்பிலை வைப்பார்கள். காய்ச்சலுக்கென்று அதே மாத்திரையை இன்னொன்றும் கொடுப்பார்கள். இப்படிப் போகும் நாட்கள்தான் எனக்குக் கவலை. உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டால் ஏறக்குறைய பத்தில் மூவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் பார்வை போய்விடுகிறது. புது மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு வாயோ கண்ணோ புண்ணானால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வலி மாத்திரை போடும்போதெல்லாம் ஒரே இடத்தில் கருந்திட்டு வந்தால், அது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத வேறு வகை ஒவ்வாமை. ஆனாலும் அந்த மருந்து உங்களுக்கு ஆகாது. பிராண்ட் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதாது, அதே மருந்து வேறு பெயரில் அடுத்த கடையில் கிடைக்கும். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் குறித்துவைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். பக்க விளைவை நீங்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசுக்குத் தெரிவிக்கலாம்.