உப்புக்காத்துல பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சினை மாத்துறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணே, எங்க வாப்பா 1970கள்ல மதராஸ்ல யாவாரம் பண்ணும்போது ஆசைப்பட்டு வாங்குன எம்.ஜி.ஏ ரெண்டு சீட்டு காரு, 1958 மாடல், வீட்டுக்கு பின்னாடி தகரக் கொட்டாய்ல 18 வருசமா நிக்குது. வாப்பா மவுத்தாயிட்டாங்க. நான் துபாயை முடிச்சுட்டு ஊரோட வந்துட்டேன், இந்த வண்டியை ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும். எஞ்சின் ஜாம், சுத்தவே மாட்டேங்குது. மச்சான் ஸ்விஃப்ட் எஞ்சினைப் போடு, ஏசியும் வச்சுக்கலாம்னு சொல்றாரு. இங்க இருக்குற மெக்கானிக் அம்பாசடர்ல வந்த இசுசு எஞ்சினை ஏத்திடலாம்ங்குறாரு. எதைப் போடட்டும்? – கீழக்கரை வாசகர்

பதில்: தம்பி, முதல்ல எஞ்சினை மறந்துருங்க. இன்னைக்கு சாயங்காலம் ஒரு சின்ன சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுங்க. எம்.ஜி.ஏ க்கு தனி சேசிஸ், உள்ள கூடா இருக்குற பெட்டி மாதிரி சட்டம், கதவுக்கு கீழ ஓடுற அந்த சட்டத்தை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்புன்னா ணங்குனு கேக்கும், உள்ள துரு தின்ன இடம் தொப்புனு ஈர மண்ணுல தட்டுன மாதிரி கேக்கும், அங்க ஸ்க்ரூ டிரைவரை அழுத்துனா உள்ள போயிரும். அப்புறம் கதவு நிக்கிற தூணோட அடி, தரை பலகையைத் தாங்குற பட்டை, சீட்டுக்கு பின்னாடி பேட்டரி உக்கார்ற கூடு. இந்த வண்டியில ரெண்டு 6 வோல்ட் பேட்டரி பின் ஆக்சிலை ஒட்டி இருக்கும், ஆசிட் சிந்தி சிந்தி அந்த கூடுதான் முதல்ல போகும்.

எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா நம்ம கடற்கரையில இரும்புக்கு ஆயுசு கம்மி, இது உங்களுக்கு நான் சொல்லி தெரியவேண்டியதில்ல. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914ல தொறந்தது, துருவாலதான் 2022 டிசம்பர்ல அதுல ரயிலை நிறுத்துனாங்க, பக்கத்துல 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி, துருவைத் தாங்குற பாலிசிலாக்ஸேன் பெயிண்டுன்னு பாத்து பாத்து போட்டுருக்காங்க. ரயில்வே பராமரிச்ச இரும்புக்கே அந்த கதி, 18 வருசம் கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்துல சும்மா நின்ன சேசிஸ் எப்படி இருக்கும்னு யோசிங்க. எஞ்சின் எப்ப வேணா வாங்கலாம் தம்பி. சேசிஸ் போயிருச்சுன்னா வண்டியே போயிருச்சு.

இன்னொரு விசயம், எம்.ஜி.ஏ ல கதவோட மேல்தகடு, பானட், டிக்கி மூடி மூணும் அலுமினியம், மிச்சமெல்லாம் இரும்பு. அலுமினியமும் இரும்பும் ஒட்டி நின்னு நடுவுல உப்பு ஈரம் போச்சுன்னா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தை அரிச்சு வெள்ளைப் பொடியா உதுத்துரும். கதவு ஓரத்தை நகத்தால சுரண்டிப் பாருங்க, வெள்ளையா மாவு மாதிரி வந்தா அதுதான். திரும்ப மாட்டும்போது ரெண்டுக்கும் நடுவுல பிரைமர் நல்லா காஞ்சிருக்கணும், போல்ட்டுக்கு அடியில நைலான் வாசர் போடணும். சும்மா ஸ்டெயின்லெஸ் போல்ட்டா வாங்கி முறுக்குனா இன்னும் சீக்கிரம் அரிக்கும், இதை நெறைய பேரு தப்பா செய்றாங்க.

துரு எடுக்க பிளாஸ்டிங் (காத்தழுத்தத்துல மணலைப் பீச்சி அடிக்கிறது) கொடுப்பீங்க, அங்க என்ன மணல் போடுறாங்கன்னு நின்னு பாருங்க. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு ஜீப் சேசிசுக்கு கடல் மணலைப் போட்டு அடிச்சுட்டேன், வெள்ளி மாதிரி பளபளன்னு வந்துச்சு, சாயங்காலம் ஆயிருச்சு காலையில பிரைமர் அடிப்போம்னு விட்டுட்டு போனேன். விடிஞ்சு வந்து பாத்தா முழுக்க செம்பட்டையா பூத்து நிக்குது, மேல துடைச்சுட்டு அடிச்ச பெயிண்டும் ஒரே வருசத்துல கொப்புளம் கொப்புளமா கிளம்பிருச்சு. மணல்ல இருந்த உப்பு இரும்போட கண்ணுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. அதனால மணலுக்குப் பதிலா காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்குன கசடு) தூளோ கார்னட் கல்லுத் தூளோ போடச் சொல்லுங்க, அடிச்ச அன்னைக்கே, வெயில் இறங்குறதுக்குள்ள ஜிங்க் எபாக்சி பிரைமர் ஏறியாகணும். பெட்டிச் சட்டத்துக்கு உள்பக்கம் நல்ல தண்ணியில பிரஷரா கழுவி, நல்லா காயவிட்டு, மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை ட்யூப் விட்டு உள்ள தெளிக்கணும். பட்டி பூசி ஓட்டையை மூடுற டிங்கர்கிட்ட மட்டும் தயவுசெஞ்சு போயிராதீங்க, போன இடத்தை வெட்டி எடுத்து புது தகடு வெல்டு பண்றவரா பாருங்க.

தரை இந்த வண்டியில இரும்பு கிடையாது, பிளைவுட் பலகை. அது மக்கிருந்தா கவலையே படாதீங்க, நம்ம பக்கம் வல்லம் கட்டுற ஓடாவிகிட்ட பழைய பலகையை அளவுக்கு கொடுத்தா மரைன் பிளைவுட்ல அறுத்து ஓரத்துக்கெல்லாம் எபாக்சி பூசி கொடுத்துருவாரு, தண்ணிக்கு நிக்கிற மரவேலை அவுகளுக்கு தெரிஞ்ச மாதிரி எந்த கார் பட்டறைக்கும் தெரியாது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். ஸ்விஃப்ட் எஞ்சின் வேண்டாம்னு மச்சான்கிட்ட சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டாரு. ஸ்விஃப்ட் முன் சக்கரம் இழுக்குற வண்டி, எஞ்சின் குறுக்கால நிக்கும், கியர்பாக்சும் அதோட சேந்தே இருக்கும். எம்.ஜி.ஏ ல எஞ்சின் நீளவாக்குல நின்னு தண்டு வழியா பின் சக்கரத்தை தள்ளணும். அதுக்கு வேற கியர்பாக்ஸ், நடுவுல ஒரு அடாப்டர் தகடு, வயரிங் கட்டு, கம்ப்யூட்டர், டேங்குக்குள்ள வேற பம்பு, ரேடியேட்டருன்னு போய்க்கிட்டே இருக்கும், கடைசியில எம்.ஜி னு மேல எழுதியிருக்குற வேற ஏதோ ஒண்ணு உங்ககிட்ட இருக்கும். உங்க 1958 மாடலுக்கு நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கு, முன்னாடி டிஸ்க் வந்ததே 1959ல வந்த 1600 மாடல்லதான். அந்த டிரம்மை வச்சுக்கிட்டு இன்னைக்கு எஞ்சின் வேகத்துல ஏர்வாடி ரோட்ல போய் ஆடு குறுக்க வந்தா நிக்காது, இதை பயமுறுத்துறதுக்காக சொல்லல. இசுசு பரவாயில்ல, அது பின் சக்கரத்துக்குன்னே வந்த 1.8 லிட்டர், ஆனா அதுக்கும் மவுண்டிங் வெட்டணும், சேசிஸ்ல கை வைக்கணும்.

இப்ப நான் சந்தோசமா சொல்ல நினைக்கிறது இதுதான். உங்க எம்.ஜி.ஏ ல இருக்குறது பி.எம்.சி கம்பெனியோட பி சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. நம்ம பழைய பெட்ரோல் அம்பாசடர்ல வருசக்கணக்கா ஓடுனதும் அதே பி சீரிஸ், அதே 1489 சிசி! போர், அதாவது சிலிண்டரோட அகலம், 73 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குற தூரம், 89ஐ ஒட்டி, ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது. இங்கிலாந்துல பொறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ரத்த சொந்தம் நம்ம ஊரு டாக்சி ஸ்டாண்டுல நின்னுருக்கு. எம்.ஜி.ஏ ல ரெண்டு எஸ்.யு கார்புரேட்டர், கம்ப்ரஷன் 8.3க்கு 1, வால்வைத் திறக்குற கேம் வேற, அதனால 72 குதிரை, அம்பாசடர்ல ஒத்த கார்புரேட்டர், கம்ப்ரஷன் கம்மி, 50ஐ ஒட்டி இருக்கும். முக்கியமான வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனா அதுக்கும் முன்னாடி உங்க சொந்த எஞ்சினை காப்பாத்தப் பாருங்க. நாலு பிளக்கையும் கழட்டுங்க, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்கு பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஊத்துங்க, ஒரு வாரம் விடுங்க, வத்துனா திரும்ப ஊத்துங்க. ராக்கர் மூடியைத் திறந்து வால்வு எதுவும் ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் ஸ்டார்டிங் ஹேண்டிலைப் போட்டு முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு அசைச்சுப் பாருங்க. ஒரு நாள் கையில ஒரு சின்ன நெகிழ்வு தெரியும், அந்த நிமிசம் கெடைக்குற சந்தோசம் தனி. டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்து கியர்ல போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம், ரிங்கு ஒடையும், ராடு வளையும். சுத்த ஆரம்பிச்சதும் கழட்டி லேத்துக்கு கொண்டுபோங்க, போர் அளந்து தேஞ்சிருந்தா ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்கு கிரைண்டிங், புது பேரிங். ஹெட்டுல எக்சாஸ்ட் வால்வுக்கு கடினமான சீட்டு அடிச்சுருங்க, ஏன்னா ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோட நின்னு போச்சு, பழைய சீட்டு அந்த ஈயத்தை நம்பித்தான் இருந்துச்சு. ரப்பர் ஹோஸ், பம்போட டயாப்ரம் எல்லாமே புதுசு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பரை கொழகொழன்னு ஆக்கிரும், நம்ம ஊரு காத்து ஈரத்தையும் இழுத்து டேங்குக்குள்ள துருவை கொண்டுவரும். மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்துனா டேங்கை காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

பிளாக்கே வெடிச்சிருந்தாதான் அந்த பழைய 1489 சிசி அம்பாசடர் எஞ்சின். வாங்கும்போது பில்லோட வாங்குங்க. உங்க ஹெட்டு, ரெண்டு கார்புரேட்டர், மேனிபோல்டு, பிளைவீல், பின்தகடு, சம்ப் எல்லாத்தையும் பக்கத்துல வச்சு ஓட்டைக்கு ஓட்டை அளந்து பாத்து, முடிஞ்ச வரைக்கும் எம்.ஜி யோட சாமானையே அந்த பிளாக்குக்கு மாத்துங்க, உங்க கியர்பாக்சு அப்படியே இருக்கட்டும். பழைய பிளாக்கை காயலான் கடைக்கு எடை போட்டு கொடுத்துராதீங்க, கிரீஸ் பூசி சாக்குல கட்டி வீட்டுலயே வைங்க, அதுல உள்ள நம்பரும் வண்டியோட அடையாளம்தான்.

கேள்வி: ஐயா, எங்க அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டை போன வருசம்தான் எஞ்சின் ஓவர்ஹால் பண்ணுனோம். திருவாடானை தாண்டுறதுக்குள்ள கொதிக்குது. ரேடியேட்டர் மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டும் கழட்டிப் போட்டாச்சு. – தொண்டி வாசகி

பதில்: அம்மா, ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துறீங்கன்னு எழுதல. வீட்டு போர் தண்ணின்னா அதுதான் காரணமா இருக்கணும். நம்ம பக்கத்து போர் தண்ணியில டீ போட்டாலே திரியுது, கெட்டில்ல வெள்ளையா படியுதுல்ல, அதே படிவு எஞ்சின் பிளாக்குக்கு உள்ள தண்ணி ஓடுற வழியிலயும் படியும். ஓவர்ஹால் பண்ணுனவங்க பிஸ்டனைப் பாத்துருப்பாங்க, தண்ணி வழியை யாரும் குடைஞ்சிருக்க மாட்டாங்க. பிளாக்கோட பக்கவாட்டுல காசு மாதிரி வட்டமா தகடு அடிச்சிருக்கும், அதைக் கழட்டி கம்பி விட்டு சுரண்டச் சொல்லுங்க, கடைசி சிலிண்டர் பக்கம்தான் சேறு மாதிரி கட்டியிருக்கும். புது தகடு அடிச்சு, கூலண்டும் ஆர்.ஓ தண்ணியும் பாதிக்கு பாதி ஊத்துங்க, மாடியில புடிச்ச மழைத்தண்ணி இருந்தா அதுவும் நல்லது. தெர்மோஸ்டாட்டை திரும்ப மாட்டிருங்க, அது இல்லாம ஓட்டுறது எஞ்சினுக்கு நல்லதில்ல. வண்டியை வித்துராதீங்கம்மா, வண்டலூர் பக்கத்துல நம்ம கைக செஞ்ச வண்டி அது, மூக்கோட சேத்து முன்பக்கம் மொத்தமும் தூக்குற அந்த பானட்டு வேற எந்த வண்டியில இருக்கு?

கேள்வி: 50 வருசம் தாண்டுன வண்டிக்கு வின்டேஜ் நம்பர் தர்றாங்களாமே, அதை வாங்குனா எஞ்சின் மாத்திக்கலாமா? – மண்டபம் வாசகர்

பதில்: அப்படியே தலைகீழ் சார். 2021ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல கொண்டுவந்தது அது, நம்பர்ல வி.ஏ னு எழுத்து வரும், புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருசத்துக்கு செல்லும். வண்டி அதோட அசல் வடிவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. அதோட அந்த நம்பர்ல தினம் மார்க்கெட்டுக்கு போக முடியாது, கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படித்தான் எடுக்கலாம். சாதாரண ஆர்.சி ல வச்சிருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, எஞ்சின் மாத்துறதுன்னா ராமநாதபுரம் ஆர்.டி.ஓ ஆபீஸ்ல முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும், புது எஞ்சின் நம்பர் ஆர்.சி ல ஏறணும். ஏறலைன்னா விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்குறது அதைத்தான்.

கீழக்கரை தம்பிக்கும் இதுல ஒண்ணு இருக்கு. வாப்பா பேர்ல இருக்குற ஆர்.சி யை வாரிசு சான்றிதழோட படிவம் 31 கொடுத்து உங்க பேருக்கு மாத்துங்க, அதை முடிச்சுட்டு வண்டியில கை வைங்க. பிளாஸ்டிங்குக்கு முன்னாடி சேசிஸ் நம்பர் மேலயும் எஞ்சின் நம்பர் மேலயும் வெள்ளைத்தாளை வச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுத்து, போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க. பெயிண்ட் வேலையை வாடை ஆரம்பிக்கிறதுக்குள்ள, புரட்டாசிக்கு முன்னாடி முடிச்சுருங்க, சேசிசைத் தட்டிப் பாத்ததும் எங்கெங்க தொப்புனு கேட்டுச்சுன்னு ஒரு படம் வரைஞ்சு எனக்கு அனுப்புங்க.