ஃப்ரீலான்ஸ் ஓவியராக இருந்தால் என்னென்ன வேலை வரும்? சும்மா கிறுக்கிக்கொண்டே இருப்பதால் ஏதாவது பயன் உண்டா?

முதல் கேள்விக்குப் பதில்: எல்லாம் வரும், நீங்கள் ஆசைப்படுவது மட்டும் கடைசியில் வரும். கல்லூரி முடிக்கப் போகிறீர்கள், குழந்தைகள் புத்தகத்துக்கு வரைவதுதான் ஆசை, நோட்டு நோட்டாகக் கிறுக்குவதைப் பார்த்து வீட்டில் "இது சோறு போடுமா" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மதுரையில் உட்கார்ந்துகொண்டு பத்து வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், வேறு சம்பளம் கிடையாது. அதனால் என் கதையையே சொல்கிறேன். சென்னையில் விளம்பர கம்பெனிகளுக்கு வரைபவர்களின் கதை வேறு மாதிரி இருக்கும்.

எனக்குச் சோறு போடுவது புத்தக அட்டை. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் பல தமிழ்ப் பதிப்பகங்கள் அதை மனதில் வைத்தே வருடத்தை ஓட்டுகின்றன, ஐப்பசி பிறந்தால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "தம்பி, ஒரு நாவல் இருக்கு, நாளைக் கழிச்சு அட்டை அச்சுக்குப் போகணும்" என்பார்கள். எத்தனை பக்கம் சார் என்றால் தெரியாது, பிழைதிருத்தம் இன்னும் முடியவில்லை. பக்கம் தெரியாமல் முதுகின், அதாவது அலமாரியில் வைத்தால் வெளியே தெரியும் பக்கத்தின், அகலம் தெரியாது (200 பக்கப் புத்தகத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரும், தாள் தடிமனைப் பொறுத்து மாறும்), முதுகு தெரியாமல் அட்டையின் மொத்த அளவு தெரியாது. அதனால் முன்னட்டைப் படம் முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரை ஓடுகிற மாதிரி, நடுவில் வானமோ சுவரோ ஏதாவது ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதியாக விட்டு வரையப் பழகிக்கொண்டேன். சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்), இதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். திரையில் பளிச்சென்று இருக்கும் கிளிப்பச்சை ஆஃப்செட் அச்சில் வாடிய வெண்டைக்காய் நிறத்தில் வரும் என்பதை மட்டும் யார் சொன்னாலும் நம்பமாட்டீர்கள், அச்சான அட்டை கையில் வந்தால்தான் நம்புவீர்கள்.

எழுத்தாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலில் வரும் கிணறு, வேப்பமரம், ரயில், அத்தை, செத்துப்போன தாத்தா எல்லாரும் அட்டையில் வேண்டும் என்பார்கள். நான் ஒன்றே ஒன்றை எடுத்து வரைந்து, கூடவே அவர் கேட்டபடி எல்லாம் திணித்த ரஃப் ஒன்றையும் அனுப்புவேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபின் பெரும்பாலும் அவரே கிணற்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை. ஆடி, மார்கழி தவிர எல்லா மாதமும் ஏதாவது ஒரு ஜோடி வரும், மாப்பிள்ளை புல்லட்டில், பொண்ணு பின்னால், கையில் மடிக்கணினி என்று கார்ட்டூனாகக் கேட்பார்கள். இந்த வேலையை மட்டமாகப் பேசும் ஓவியர்கள் இருக்கிறார்கள், நான் பேசமாட்டேன், வாடகை கொடுத்த வேலை அது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு எரிச்சல் வரும். போட்டோவில் நல்ல கறுப்பாக, களையாக இருக்கும் பெண்ணை அப்படியே வரைந்து அனுப்பினால், "சார், பொண்ணுக்கு கொஞ்சம் கலர் ஏத்திடுங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும், பல சமயம் அந்தப் பெண்ணிடமிருந்தே வரும். நான் தோல் நிறத்தைத் தொடுவதில்லை, பின்னணியைத்தான் மாற்றுவேன். வெளிர் மஞ்சளுக்கு முன்னால் இருட்டாகத் தெரியும் அதே பழுப்பு, அடர்ந்த மயில்நீலத்துக்கு முன்னால் நின்றால் வெளிச்சமாகத் தெரியும். "இப்ப சூப்பரா இருக்கு, கலர் ஏத்தினதுக்கு தேங்க்ஸ் சார்" என்பார்கள். இதற்கும் ஒத்துவராதவர்களுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

நடுநடுவே வருபவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. முனைவர் பட்டத்துக்குப் பூச்சிகளை ஆராய்கிற ஒருவருக்காக வண்டு வரைந்தேன். அதில் நிழலைத் தேய்க்கக் கூடாது, புள்ளி வைத்துத்தான் காட்ட வேண்டும், ஒளி இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வரைவது மரபு, பக்கத்தில் அளவுகோல் போட வேண்டும், காலில் இருக்கும் கணுக்களை எண்ணி வரைய வேண்டும், அழகு முக்கியமில்லை. அடுத்த வாரம் ஒரு பள்ளிச் சுவர், அதில் நேர்மாறாக, இருபதடி தள்ளி நிற்கும் குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்பதால் நுணுக்கமெல்லாம் தண்டம், சுண்ணாம்பு அடித்த சுவரைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் பெயின்ட் தொட்டால் மழைக்காலம் முடிவதற்குள் உரிந்து கையோடு வரும். அதோடு ஒரு குறும்படத்துக்கு ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து கொடுப்பது), ஒரு ஜிகர்தண்டா கடைக்கு போர்டு, யாரோ ஒருவருடைய மறைந்த அப்பாவின் படம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவிலிருந்து. இந்தப் பலவகை வேலைகளை இன்ஸ்டாவில் பார்க்கும்போது "எவ்வளவு சுவாரசியமான வாழ்க்கை" என்று தோன்றும். எந்த ஒரு வேலையும் பன்னிரண்டு மாதமும் வருவதில்லை என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பெரிய ஓவியர்களும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு ஆறுதல். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் செய்தவர், இன்னொரு பக்கம் காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியை விதவிதமாகக் கோட்டில் வரைந்தவர், சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அட்டை போட்டவர், தமிழ் எழுத்துகளையே படமாக மாற்றியவர். கார்ட்டூன் ஓவியர் கோபுலு பத்திரிகையில் உச்சத்தில் இருந்தபிறகும் விளம்பரத் துறைக்குப் போனார். ஒரே வேலையை மட்டும் செய்துகொண்டு தூய்மையாக வாழ்ந்த ஓவியர் என்று யாரையாவது காட்டினால் அவர் வீட்டில் நிலபுலன் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

சரி, கிறுக்கல். உங்கள் கேள்வியில் எனக்கு நிஜமாகவே பதில் சொல்ல ஆசை இருப்பது இதற்குத்தான்.

நான் இரண்டு வகையாகக் கிறுக்குவேன். ஒன்று போனில் பேசும்போது கை தானாகப் போடுவது, வட்டம், கட்டம், கண், மூக்கு, சிக்குக் கோலத்தில் பாதி. இதற்கு ஆராய்ச்சி எல்லாம் இருக்கிறது. பிரிட்டனில் பிளைமவுத் பல்கலைக்கழகத்து ஜாக்கி ஆன்ட்ரேட் 40 பேருக்கு ஒரு சலிப்பான தொலைபேசிப் பேச்சின் பதிவைப் போட்டுக் காட்டினார், பாதிப் பேர் தாளில் இருந்த கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டார்கள், அவர்களுக்கு மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் நின்றது. ஆனால் அது கட்டம் நிரப்பியதுதான், டிராகன் வரைந்தது இல்லை. வகுப்பில் டிராகன் வரைந்துவிட்டு இந்த ஆராய்ச்சியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது வகைதான் தொழிலுக்கு உதவுவது: வெளியே போகிற இடத்தில் கண்ணில் படுவதை வரைவது. நீங்கள் ஒரு கதைக்கு "கிராமத்துப் பாட்டி" வரைய வேண்டும் என்று வையுங்கள். இணையத்தில் தேடினால் ராஜஸ்தான் முக்காடு போட்ட பாட்டி வருவார், அல்லது தரையில் பத்மாசனம் போட்ட பாட்டி வருவார். நம்ம ஊர்ப் பாட்டி ஒரு காலை மடக்கி, ஒரு முழங்காலை நட்டு வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி, அந்தக் கையில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். இது எந்த இமேஜ் லைப்ரரியிலும் கிடைக்காது, மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கிடைக்கும். டீ ஆற்றுகிறவர் டம்ளரைப் பார்ப்பதே இல்லை, ரோட்டைப் பார்ப்பார். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர் கம்பியைக் கையால் பிடித்திருக்கமாட்டார், முழங்கையை வளைத்து மாட்டியிருப்பார். கைலியை மடித்துக் கட்டினால் முன்னால் எங்கே மடிப்பு விழும், தலையில் பூக்கூடை வைத்தவர் யாராவது கூப்பிட்டால் எப்படி முழு உடம்போடு திரும்புவார், இதையெல்லாம் யோசித்து வரைய முடியாது. பார்த்தால் மட்டும் போதாது, ஒருமுறை கையால் போட்டுவிட்டால்தான் பிறகு தேவைப்படும்போது வரும். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு யாளித் தூணுக்கும் இன்னொரு யாளித் தூணுக்கும் நடுவில் தையல் மெஷினும் தொங்கும் ஜிகினாத் துணிகளுமாக நான் நிறைய வரைந்திருக்கிறேன். இப்போது கடைகளை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். போட்டோ எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆனால் மெஷின் மிதிக்கிறவர் எந்தக் காலை முன்னால் வைத்திருந்தார் என்பது என் நோட்டில் இருக்கிறது.

எப்படி வரைவது என்றும் கேட்டிருந்தீர்கள். பால்பாயின்ட் பேனா, ஏனென்றால் அழிக்க முடியாது, அழிக்க முடிந்தால் அழித்துக்கொண்டே இருப்போம். ஆள் நகர்ந்துவிட்டால் விட்டுவிடாதீர்கள், அதே மாதிரி உட்காரும் அடுத்த ஆளின் காலை இவருக்கு ஒட்டிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. நிறத்தை எழுத்தில் எழுதி வையுங்கள், "சிமென்ட் கலர் சட்டை, காலர் வெளுத்துப்போச்சு" என்று. முகத்தை உற்றுப் பார்த்தால் ஆள் முறைப்பார், அதனால் தூங்குகிறவர், கார்டு விளையாடுகிறவர், போன் பார்க்கிறவர் நல்ல மாடல்கள், கடைசி வகைக்குப் பஞ்சமே இல்லை. மாட்டிக்கொண்டால் நோட்டைக் காட்டிவிடுங்கள். "என்னய ஏன்டா இவ்ளோ கெழவனாப் போட்டிருக்க" என்று ஒருவர் திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதில் பணம் இருக்கிறதா என்றால், நேராக இல்லை. ஆனால் எனக்கு முதல் குழந்தைகள் புத்தகம் வந்தது இந்த நோட்டால்தான். மெருகேற்றி, பளபளவென்று வைத்திருந்த டிஜிட்டல் படங்களை எடிட்டர் வேகமாகத் தள்ளிவிட்டு, பின்னால் சும்மா சேர்த்திருந்த தையல்காரர் பக்கங்களில் நின்றுவிட்டார், "இந்தக் கோட்டிலேயே வேணும்" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அட்டைக்கு ஒரு கை, கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கை, வண்டுக்கு ஒரு கை என்று கேட்பவருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்கும்போது என்னுடைய கோடு என்று ஒன்று மிச்சம் இருந்தது அந்த நோட்டில் மட்டும்தான், அங்கே கரெக்ஷன் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் ஆசையான அந்தக் குழந்தைகள் புத்தகம் பற்றி இரண்டு வரி. பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கம், அச்சுத்தாள் மடிப்புக் கணக்கு அது. முகத்தை நடு மடிப்பில் வைக்காதீர்கள், மூக்கு தையலுக்குள் போய்விடும். முதல் பக்கத்துப் பெண்ணுக்குப் புள்ளி போட்ட கவுன் மாட்டிவிட்டால் கடைசிப் பக்கம் வரை அத்தனை புள்ளியும் நீங்கள்தான் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், அந்த மாதங்களுக்கு கல்யாணப் பத்திரிகைதான் கைகொடுக்கும். சென்னையில் தூலிகா, தாரா இரண்டு பதிப்பகங்களின் புத்தகங்களையும் எங்காவது எடுத்துப் பாருங்கள், குறிப்பாக தாரா மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து கையால் ஸ்கிரீன் பிரின்ட் செய்த புத்தகங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், தடவினால் மையே விரலுக்குத் தெரியும்.

பண விஷயத்தில் எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதீர்கள். எனக்கு ஒரு நிறுவனம் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது, அந்தப் படம் அவர்களுடைய டைரியில் வந்து விற்றும் முடிந்துவிட்டது. பாதி அட்வான்ஸ், இரண்டு கரெக்ஷனுக்கு மேல் தனிக் காசு, இதை முதல் மெயிலிலேயே போட்டுவிடுங்கள். உரிமை பற்றி ஓவியர்களிடம் ஒரு தவறான நினைப்பு உண்டு, வரைந்தவனுக்குத்தான் எல்லாம் சொந்தம் என்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படியுங்கள், காசு கொடுத்து ஒருவர் கேட்டு வரையவைத்த ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். ஆகவே ஒப்பந்தம் உங்களுக்குத்தான் தேவை. "இந்தப் பதிப்பின் அட்டைக்கு மட்டும், உரிமை ஓவியரிடம்" என்று எழுதி அவர்கள் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். உரிமையை எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான், இது 19ஆம் பிரிவு.

ஏஐ பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். 2022க்கு அப்புறம் சின்ன வேலைகள் குறைந்துவிட்டன. இப்போது ஆட்கள் ஏஐ போட்டுக் கொடுத்த படத்தோடு வருகிறார்கள், "இதுல கோபுரத்தை மட்டும் நம்ம கோபுரமா மாத்திக் கொடுங்க" என்று. அந்தக் கோபுரம் மதுரையும் இல்லை, தஞ்சாவூரும் இல்லை. திருத்துவதற்கும் புதிதாக வரைவதற்கும் ஒரே ரேட் என்று சொல்லிவிடுவேன், பாதிப் பேர் போய்விடுவார்கள், பாதிப் பேர் புதிதாகவே வரையச் சொல்வார்கள்.

வரைவதற்கான டேப்லெட்டை இப்போதே கடன் வாங்கி வாங்காதீர்கள். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடும், தாளில் வரைந்து ஸ்கேன் செய்து வண்ணம் கொடுக்கலாம், நான் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். பதிப்பகங்களுக்கு போர்ட்ஃபோலியோ அனுப்பும்போது முடித்த படங்களோடு நோட்டுப் பக்கங்களையும் அப்படியே சேர்த்து அனுப்புங்கள், காபிக் கறையோடு இருந்தாலும் பரவாயில்லை. பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் யாரும் திறப்பதில்லை.