பாசிக் கழிவுநீரில் மீத்தேன்: மகள் இந்தப் புராஜெக்டை எடுக்கலாமா?

பாசிக் கழிவுநீரிலிருந்து மீத்தேன் எடுக்கும் ஆறு மாத புராஜெக்டை மகள் எடுக்கலாமா என்று யோசிக்கும் நீங்கள், “பாசி எண்ணெய்க்கு எங்கே கம்பெனி இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. எக்ஸான்மொபில் நிறுவனமே பாசி எரிபொருள் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திவிட்டதாக 2023 தொடக்கத்தில் செய்தி வந்தது. ஆனால் உங்கள் மகள் கற்கப்போவது எண்ணெய் எடுப்பதை அல்ல, எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரைக் கையாள்வதை. வேலை அங்கேதான் இருக்கிறது.

ஈரப் பாசியை 300–350 டிகிரி செல்சியஸில், உயர் அழுத்தத்தில் வேகவைத்தால் கச்சா எண்ணெய் பிரியும். கூடவே பழுப்பு நிறத் தண்ணீர் வரும். அதில் லிட்டருக்குப் பல பத்து கிராம் சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனை வைத்துக் கழிவின் அளவைச் சொல்லும் கணக்கு) இருக்கும். அப்படியே வெளியே விட முடியாது. காற்றில்லாத டைஜஸ்டரில், அதாவது நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து வாயுவாக்கும் மூடிய தொட்டியில் விட்டால் ஒரு கிராம் சி.ஓ.டி.க்கு அதிகபட்சம் 350 மில்லி மீத்தேன் கிடைக்கும். நடைமுறையில் அவ்வளவு வராது. அந்தத் தண்ணீரில் உள்ள அம்மோனியா, ஃபீனால், பிரிடின் போன்ற வேதிப்பொருள்கள் எல்லாம் மீத்தேன் தரும் நுண்ணுயிர்களை முடக்கும். பி.எச். 8-ஐத் தாண்டினால் அம்மோனியாவின் நச்சு இன்னும் ஏறும்.

மாணவர்கள் சறுக்குவது அளவில். எடுத்த எடுப்பில் அதிகமாக ஊற்றினால் வாயு நின்றுவிடும். நுண்ணுயிர்கள் நிறைந்த 100 மில்லி டைஜஸ்டர் சேற்றுக்குப் பாசித் தண்ணீரை 2 மில்லியில் தொடங்கி 4, 8, 16 என்று ஏற்ற வேண்டும். தண்ணீரின் சி.ஓ.டி. லிட்டருக்கு 50 கிராம் என்றால், 2 மில்லியில் வரக்கூடியது 35 மில்லி மீத்தேன்தான். சேறு தானாகவே விடும் வாயு இதைவிட அதிகமாக இருக்கலாம். அதனால் வெறும் சேறு மட்டும் உள்ள பாட்டில்களையும் வைத்து, அந்த அளவைக் கழிக்க வேண்டும். சேறு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க செல்லுலோஸ் போட்ட பாட்டில்களும் தேவை. ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில், காற்றை வெளியேற்ற நைட்ரஜன் ஓட்டி மூடி, 37 டிகிரியில் குறைந்தது 30 நாள். நுண்ணுயிர்கள் இந்த நச்சுக்குப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். முதல் மாதமே தொடங்காவிட்டால் ஆறு மாத புராஜெக்டில் முடிவு கைக்கு வராது.

இதே கைத்திறன்தான் சேலம் ஜவ்வரிசி ஆலைகளிலும், டிஸ்டில்லரிகளிலும், சென்னை கொடுங்கையூர் கழிவுநீர் நிலையத்திலும் பயன்படுகிறது. கோழிக்கழிவைச் செரிக்கவைக்கும் நாமக்கல் பக்கத்திலும் அம்மோனியாதான் தலைவலி. 2018-இல் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ திட்டத்தில் வரும் அழுத்தப்பட்ட உயிர்வாயு ஆலைகளுக்கும் டைஜஸ்டர் தெரிந்தவர்கள் வேண்டும். நேர்காணலில் “பாசி” என்று தொடங்காமல், “டைஜஸ்டர் புளித்தால் (அமிலம் ஏறிவிட்டால்) என்ன செய்வேன்” என்று அவர் பேசட்டும்: உள்ளே விடும் கழிவைக் குறைப்பேன், காரத்தன்மையைச் சோதிப்பேன், ஆவியாகும் அமிலங்களை அளப்பேன் என்று.

சம்மதம் சொல்வதற்கு முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள். பாசித் தண்ணீர் எந்த ஆய்வகத்திலிருந்து, எத்தனை லிட்டர் வரும்? ஓடிக்கொண்டிருக்கும் டைஜஸ்டரிலிருந்து சேறு கிடைக்குமா? வாயுவில் மீத்தேன் எவ்வளவு என்று அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி வேலை செய்கிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் தலைப்பை மாற்றுவது நல்லது. மூன்றாவது இல்லையென்றால் வாயுவைக் காரக் கரைசல் வழியே விட்டு, கரியமில வாயுவை நீக்கி, மிஞ்சுவதை அளந்து சமாளிக்கலாம்.