பாலைத் தீவில் அலைச்சறுக்கு விடுமுறை: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: வெயில் நிறைந்த, மழை அரிதான ஒரு தீவில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்ள வேண்டுமென்று நானும் என் தங்கையும் எண்ணியிருக்கிறோம். கானரி தீவுகளில் ஒன்றான ஃபுவெர்தெவெந்தூராவில் ஜூலை மாதத்துக்கு ஒரு வாரத் தொகுப்பு கிடைக்கிறது. ‘ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் அலை’ என்கிறது விளம்பரம். முன்பணம் கட்டலாமா?

பதில்: விளம்பரத்தின் முதல் பாதி ஏறக்குறைய உண்மை, விசாரிக்க வேண்டியது இரண்டாம் பாதியை. ஸ்பெயினுக்குரிய இத்தீவு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெரும்பாலான பகுதிகளில் ஆண்டு மழை 150 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அலைக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. இங்கு வரும் பெரிய அலைகள் வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்களில் பிறந்து வருபவை என்பதால், அக்டோபர் முதல் மார்ச் வரைதான் தேர்ந்தவர்களின் பருவம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று எனப்படும் நிலையான காற்று விடாமல் வீசும். அலை சிறுத்து, நீர்ப்பரப்பு கலங்கிக் கிடக்கும் நாட்கள் மிகுதி. தென்கிழக்கே உள்ள சொத்தாவெந்தோ கடற்கரையில் காற்றைக் கொண்டு ஓட்டும் பாய்ப்பலகைகளுக்கான உலகக் கோப்பைப் போட்டியைப் பல ஆண்டுகளாகக் கோடையில் நடத்திவருவதே ஜூலை எதற்கான மாதம் என்பதைச் சொல்லிவிடுகிறது. (தீவின் பெயரிலேயே ‘வலுத்த காற்று’ ஒளிந்திருக்கிறது என்பாரும் உண்டு, பெயராய்வாளர்கள் அதை ஒருமனதாக ஏற்கவில்லை.)

முதன்முதலாகப் பலகையில் ஏறுபவருக்கு நடுக்குளிர்காலமும் உகந்ததன்று. திறந்த கரைகளில் அலை அளவுக்கு மீறி எழும். காற்றுத் தணிந்து, பேரலைகள் இன்னும் முழுவதாக வந்து சேராத செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஆகியவற்றையே நான் தேர்ந்தெடுப்பேன். கடல்நீரும் அப்போதுதான் 22, 23 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது 18, 19 டிகிரிக்கு இறங்கிவிடும். நிலம் பாலையாக இருந்தாலும் கடலில் ஓடுவது குளிர்ந்த கானரி நீரோட்டம். ஆகவே அதே நிறுவனத்திடம் அதே தொகுப்பை அக்டோபருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், ஜூலைத் தொகுப்பின் மலிவு உங்களுக்கு மலிவன்று.

கேள்வி: ‘கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடை’ என்ற விடுதி ஒன்று தீவின் தெற்கே குறைந்த வாடகைக்கு இருக்கிறது. தீவு சிறியதுதானே, எங்கு தங்கினால் என்ன?

பதில்: தீவு அவ்வளவு சிறியதன்று, வடமுனைக்கும் தென்முனைக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர். தெற்கே கோஸ்தா கால்மா, ஹந்தியா பகுதிகளின் நீண்ட வெண்மணற்கரைகள் நீந்தவும் பாய்ப்பலகை ஓட்டவும் ஏற்றவை. ஆனால் அவை வட அட்லாண்டிக்கிலிருந்து வரும் அலைகளுக்கு மறைவான கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் அலை குறைவு. அலைக்காக வருபவர்கள் வடக்கே கொர்ரலேஹோ, லாஹாரெஸ், எல் கொத்தியோ ஆகிய ஊர்களில்தான் தங்குகிறார்கள். தெற்கே தங்கினால், வாடகையில் மிச்சம் பிடித்ததை நாள்தோறும் எரிபொருளுக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

வடக்கிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொர்ரலேஹோவிலிருந்து மேற்காகச் செல்லும் வடகரை முழுவதும் எரிமலைப் பாறை. படங்களில் நாம் காணும் அழகான அலைகள் அந்தப் பாறைத்திட்டுகளின் மேல் உடைபவைதான். நீர்மட்டம் தாழும்போது பாறைக்கும் உங்களுக்கும் இடையே முழங்கால் அளவு நீர்கூட இருக்காது, கடல்முள்ளிகளும் உண்டு. கற்பவருக்கு வேண்டியது மணலடி. எல் கொத்தியோவுக்குத் தெற்கேயுள்ள பெரிய கடற்கரையும், கொர்ரலேஹோ மணற்குன்றுகளை ஒட்டிய கிழக்குக் கரையும் அத்தகையவை. எனவே விடுதியின் முகவரியைவிட, பயிற்சி எந்தக் கரையில் நடக்கும், கடல் பொங்கும் நாளில் எந்தக் கரைக்கு அழைத்துச் செல்வார்கள், அந்தப் போக்குவரத்து கட்டணத்தில் அடங்குமா என்பவையே முதன்மையான கேள்விகள். தென்மேற்கே உள்ள கொஃபெதே கடற்கரையின் படங்களைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். அங்கே நீரோட்டம் கடுமையானது, கரை பார்ப்பதற்கு மட்டுமே.

கேள்வி: ஏழு இரவுத் தங்கலும் ஐந்து நாள் பயிற்சியும் சேர்ந்த ‘சர்ஃப் முகாம்’ ஒன்றை இணையத்தில் பதிவு செய்யப்போகிறேன். இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். அதை நம்பி முழுப்பணத்தையும் கட்டிவிடலாமா?

பதில்: கட்டிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த 14 நாள் உரிமை இருப்பது உண்மை. ஆனால் குறித்த தேதிக்கான தங்குமிடம், வாடகைக் கார், பொழுதுபோக்குச் சேவை ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. விடுமுறைச் செலவில் பெரும்பகுதி இவற்றில்தான் அடங்குகிறது என்பதால், இந்த விதிவிலக்கை அறியாமல் பணம் இழப்பவர்கள் ஏராளம். அங்கே உங்களைக் காப்பது, விற்பனையாளர் தாமாக எழுதித் தரும் ரத்து நிபந்தனை மட்டுமே. எத்தனை நாட்களுக்கு முன்பு ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பணம் கட்டும் நாளிலேயே திரைப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயினும் முகாமுக்கு வேறொரு சட்டம் துணை நிற்கக்கூடும். தங்குமிடத்தோடு பயணத்தின் முக்கிய நோக்கமான இன்னொரு சேவையையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், 2015-ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தொகுப்புப் பயண நெறிமுறையின்படி அது ‘தொகுப்பு’ ஆகிறது. அப்படியானால் பயிற்சிப் பள்ளி சரியில்லை என்று விடுதியும், விடுதி சரியில்லை என்று பள்ளியும் கைகாட்டித் தப்ப முடியாது. ஏற்பாட்டாளரே முழுவதற்கும் பொறுப்பு. அவர் நொடித்துப்போனால் உங்கள் பணத்தைத் திரும்பத் தருவதற்கான பாதுகாப்பு ஏற்பாடும் அவரிடம் இருக்க வேண்டும். விலையை 8 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தினால் கட்டணமின்றி நீங்கள் விலகிக்கொள்ளலாம். புறப்படுவதற்கு முந்தைய 20 நாட்களில் விலையை உயர்த்தவே முடியாது. உங்களால் போக முடியாவிட்டால், போதிய முன்னறிவிப்புடன் வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஆகவே ‘இது தொகுப்புப் பயணமா, பாதுகாப்பு அளிக்கும் நிறுவனம் எது?’ என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் சொல்பவரிடம் நான் முன்பணம்கூடக் கட்டமாட்டேன்.

இனி அலையைப் பற்றி. அலைக்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தராது. ஆகவே கடல் ஒத்துழைக்காத நாளுக்கு மாற்று நாள் உண்டா, பணம் திரும்புமா, அல்லது கரையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தி அதையும் ஒரு நாளாகக் கணக்கிடுவார்களா என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘ஐந்து நாள்’ என்பது நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், அதில் நீரில் இருப்பது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். பயிற்றுநர் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தின் சான்றிதழ் அல்லது அதற்கு நிகரான ஒன்றைப் பெற்றவரா, உயிர்காக்கும் பயிற்சி உடையவரா என்று பாருங்கள். ஒருவரிடம் எட்டுப் பேருக்கு மேல் ஒப்படைக்கும் பள்ளி வேண்டாம்.

விசா தேவைப்படுபவர்களுக்கு ஒரு சொல். கானரி தீவுகள், ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் அடங்கும். விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். ஆனால் விசாவுக்குப் போதுமான காப்பீடு அலைச்சறுக்கில் ஏற்படும் காயத்துக்கும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ‘சாகச விளையாட்டு’ என்று அதை விலக்கிவைக்கும் காப்பீடுகள் பல. விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: சொந்தப் பலகை வாங்கி எடுத்துச் செல்வதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

பதில்: கற்கும் நிலையில் வாடகையே சரி. தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியது எட்டடி அளவிலான, மிதப்பு மிகுந்த மென்பலகை. ஓரளவு தேறியதும் அது பெரிதாகத் தோன்றத் தொடங்கும். சொந்தப் பலகைக்கு விமானக் கட்டணம் போகும்போதும் வரும்போதும் தனித்தனியாக விழும். நீள வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இணைப்பு விமானம் வேறொரு நிறுவனத்துடையதாக இருந்தால் அதன் விதியையும் பார்க்க வேண்டும். பலகை உடைந்து வந்து சேர்ந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அங்கேயே பதிவு செய்யுங்கள். பன்னாட்டு விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரீல் உடன்படிக்கையின்படி எழுத்துமூலப் புகார் ஏழு நாட்களுக்குள் போயாக வேண்டும்.

வாடகைப் பலகையை வாங்கும்போதே அதன் பழைய விரிசல்களையும் அடிப்பக்கத்தில் பொருத்திய சிறு துடுப்புகளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முந்தையவர் உடைத்ததற்கு நீங்கள் பணம் கட்ட நேரிடும். சொந்தமாக வாங்கத்தக்கது ஒன்று உண்டென்றால் அது ‘3/2’ எனக் குறிக்கப்படும், உடற்பகுதியில் 3 மில்லிமீட்டரும் கைகால்களில் 2 மில்லிமீட்டரும் தடிப்புள்ள நீருடைதான் (வெட்சூட்). உடம்போடு ஒட்டியிருந்தால்தான் அது குளிரைத் தடுக்கும், வாடகை உடையில் அந்த அளவு அமைவது அரிது. கடைக்கே போய் அணிந்து பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வாடகைக் காருக்கு ‘முழுக் காப்பீடு’ எடுத்தால் வடகரைப் பாதையில் நிம்மதியாக ஓட்டலாம் அல்லவா?

பதில்: அந்த வடகரைப் பாதை தார் போடாத மண்சாலை. தார்ச்சாலைக்கு வெளியே நேரும் சேதம் காப்பீட்டில் சேராது என்று பல வாடகை ஒப்பந்தங்கள் சொல்கின்றன. டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவற்றையும் சில ஒப்பந்தங்கள் தனியே விலக்கும். ‘முழு’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன விடுபட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: பணம் கட்டிய பிறகு அங்கே சொன்னபடி சேவை தராவிட்டால் யாரிடம் போவது?

பதில்: முதலில் அந்த இடத்திலேயே, அன்றைக்கே சொல்லுங்கள், குறையைச் சரிசெய்ய வாய்ப்புத் தராமல் ஊர் திரும்பிய பின் கேட்டால் இழப்பீடு குறையலாம். தீராவிட்டால் ‘ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்’ என்று கேளுங்கள். அது ஸ்பெயினில் கடைகளும் விடுதிகளும் வைத்திருந்து, கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டிய அரசுப் புகார்ப் படிவம். அந்தப் பெயரைச் சொன்ன அளவிலேயே தீர்ந்துபோகும் சச்சரவுகளும் உண்டு. நிரப்பியபின் உங்களுக்குரிய படியைக் கேட்டு வாங்கி, ரசீதுகளோடும் கடற்கரையில் எடுத்த தேதியிட்ட படங்களோடும் சேர்த்து, ஊராட்சியின் நுகர்வோர் அலுவலகத்தில் தீவை விட்டுப் புறப்படும் முன் கொடுத்துவிடுங்கள்.