ஆர்பரா, போர்ட்டா?

அன்புள்ள ஐயா,

என் அப்பா போர்ட் டிரஸ்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் ராயபுரத்தில் எல்லாரும் 'அவருக்கு ஆர்பர்ல வேலை' என்றுதான் சொல்வார்கள். காசிமேடு ஃபிஷிங் ஆர்பர். காட்டுப்பள்ளி மட்டும் போர்ட். இரண்டும் ஒன்றுதானா? பத்தாவது படிக்கும் மகள் கேட்கிறாள்.

வாசகர், ராயபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றில்லை. அலைக்கு ஒதுங்கிக் கப்பல் நிற்க இடம் இருந்தால் அது ஹார்பர். சரக்கு ஏற்றி இறக்கி, சுங்கம் வசூலிக்க ஏற்பாடு இருந்தால் போர்ட். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில் அமைந்துவிடுவதால்தான் குழப்பம். தமிழில் வேறு இரண்டையும் துறைமுகம் என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த வித்தியாசத்துக்கு மதராஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கியதிலிருந்து இருநூறு வருஷத்துக்கு மேல் இது ஹார்பரே இல்லாத போர்ட். கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டையோ துரையோ, எதுவானாலும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல், தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைச் சேர்த்துத் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படியும் கவிழ்வதுண்டு. 1861இல் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். 1876இல் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டி முடித்த பிறகுதான் நம்மூருக்கு உருப்படியான ஹார்பர். (அந்தச் சுவரால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானதையும், வடக்கே கடல் கரையை அரித்ததையும் ராயபுரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

வேடிக்கை என்னவென்றால், ஹார்பர் என்ற சொல்லில் முதலில் கடலே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் முன்பாதி 'ஹெரெ', அதாவது படை. பின்பாதிக்குக் காப்பிடம் என்று பொருள். படை தங்கும் இடம், பிறகு யார் வேண்டுமானாலும் தங்கும் இடம், கடைசியில்தான் கப்பல் தங்கும் இடம். பிரெஞ்சில் சத்திரத்துக்குச் சொல்லும் 'ஓபெர்ழ்' இதன் பங்காளி. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதை இன்றும் ஆங்கிலத்தில் ஹார்பர் என்றே சொல்கிறார்கள் அல்லவா, அது அந்தப் பழைய பொருள்தான்.

போர்ட், லத்தீன் 'போர்டுஸ்' வழி வந்தது. வாசலைக் குறிக்கும் 'போர்டா' அதன் உடன்பிறப்பு. வேர்ப்பொருள் கடந்து போவது. ஒன்று தங்க, மற்றது கடக்க. விமானம் வந்து போகும் இடத்துக்கு ஏர்போர்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் பொருத்தம்தான்.

காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைத்தே நடந்துவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அலை பாறையில் அறைகிறது, இந்தப் பக்கம் டீசல் மிதக்கும் தண்ணீர் அசையக்கூட இல்லை. அதுதான் ஹார்பர். விடிவதற்கு முன் வஞ்சிரத்தைக் கூடையோடு ஏலம் விடுகிறார்களே, அதையும் கணக்கில் எடுத்தால் போர்ட் என்றும் வாதாடலாம். ஆனால் வழக்கு வேறு, வாதம் வேறு.

உங்கள் அப்பா விஷயத்தில் ஊர் சொன்னதும் சரி, ஆபீஸ் சொன்னதும் சரி. சம்பளம் போட்ட நிர்வாகம் போர்ட் டிரஸ்ட். போய் வேலை பார்த்த இடம் ஆர்பர். துறைமுகம் சட்டமன்றத் தொகுதிக்கும் ஆங்கிலத்தில் ஹார்பர் என்றுதான் பெயர்.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஆப்பர்ச்சுனிட்டி என்ற சொல்லுக்குள்ளும் இந்த போர்ட் இருக்கிறது. கப்பலைத் துறை நோக்கித் தள்ளும் காற்றுக்கு லத்தீனில் சொன்ன பெயரிலிருந்து வந்தது அது.